பதினைந்து எட்டில் ஒரு மான்

பொதுக்காட்டில் மான் தேடுகிறவன் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காடு எல்லோருக்கும் சொந்தம். ஆகவே அவனுக்கு முன்னால் எல்லோரும் அங்கே போயாகிவிட்டது. இது என் மண்டையில் ஏற ஐந்து வருடம் பிடித்தது. சீக்கிரம் எதுவும் ஏறாத மண்டை அது.

நான் யாங்கோனில், அந்தக் கால ரங்கூனில், பிறந்து வளர்ந்தவன், அங்கே தாகேதாவில் வீடு. என் தாத்தாவும் அப்பாவும் இந்த ஊர் மண்ணைத் தோண்டிக் குழாய் பதித்தவர்கள். நானும் அதே குழாய் வேலைதான் பார்த்தேன். காட்டுக்கும் எங்களுக்கும் எந்த ஜென்மத்திலும் தொடர்பில்லை. பகோ பக்கம் மலையடி ஊர் ஒன்றில் ஒரு பௌத்த மடத்துக்குத் தண்ணீர் மோட்டார் மாட்டப் போனபோது அங்கே ஒரு பர்மியர் பழக்கமானார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் அண்ணன் என்ற பொருளில் ‘அக்கோ’ என்று கூப்பிட்டேன். அவரிடம் லைசென்ஸ் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. வன ஆபீசில் அனுமதிச் சீட்டு வாங்குவதும் அவர்தான். சட்டப்படி அவர்தான் சுட வேண்டும், ஆனால் பல தடவை நான் சுட்டிருக்கிறேன். இப்போது இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்தத் துப்பாக்கியே இன்று அவரிடம் இல்லை.

எங்களுக்குக் கிடைக்கக்கூடிய மான் ‘ஜீ’ ஒன்றுதான். ஆட்டுக்குட்டியைவிடக் கொஞ்சம் பெரிய குட்டை மான். பயந்தால் நாய் மாதிரி குரைக்கும். தமிழில் அதற்குக் கேளையாடு என்று பெயர் இருப்பதை வெகு நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் ஐந்து வருடம் நான் செய்த தப்பு, உள்ளே உள்ளே போனதுதான். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தானே மான் இருக்கும் என்று விடியும் முன்னே கிளம்பி மூன்று மணி நேரம் மலையேறுவோம். மேலே போய்ப் பார்த்தால் மூங்கில் வெட்டுகிறவன் அடுப்பு மூட்டியிருப்பான். தேனெடுக்கிறவன் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பான். இன்னொரு கோஷ்டி எங்களுக்கு முன்னாலேயே துப்பாக்கியோடு உட்கார்ந்து எங்களை முறைக்கும். ஆளில்லாத இடம் தேடிப் போன அத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடியிருந்தோம். அங்கே எப்படி மான் நிற்கும்?

ஒருநாள் வழியில் அக்கோவின் மோட்டார் சைக்கிள் பஞ்சர் ஆனது. அவர் டயரைக் கழற்றிக்கொண்டிருக்க, நான் ஒன்றுக்குப் போக ரோட்டோரப் பாலத்துக்குக் கீழே இறங்கினேன். ஈரமணலில் புத்தம்புதிய குளம்படி. இரண்டு பாதாம் பருப்பைச் சேர்த்து வைத்தது போல அத்தனை துல்லியமாகப் பதிந்திருந்தது. மலை மலையாக நடந்து காணாததை மூத்திரம் பெய்யப் போன இடத்தில் கண்டேன். மேலே லாரி போகிறது, மனிதன் போகிறான், ஒருவனும் நின்று கீழே பார்ப்பதில்லை. மான் அதைக் கணக்குப் பண்ணி வைத்திருக்கிறது. அன்றிலிருந்து காட்டுக்குள் போவதை விட்டுவிட்டு, எல்லோரும் அவசரமாகக் கடந்து போகிற இடங்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அதற்கு என் குழாய் வேலை உதவியது. தெருவில் எங்கே கசிவு என்று கண்டுபிடிக்க மண்ணின் நிறத்தைப் பார்ப்போம், புல் எங்கே மட்டும் பச்சையாக இருக்கிறது என்று பார்ப்போம். காட்டிலும் அதே பார்வைதான். கோடையில் நீர் எங்கே ஒளிந்திருக்கிறது, போன மாதம் தீப்பிடித்த சரிவில் எங்கே புதுத் தளிர் வந்திருக்கிறது, எந்த மரம் பழமோ பூவோ உதிர்க்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது. இவ்வளவும் ஒரே இடத்தில் கூடிவந்தால் அங்கே உட்காரலாம். கூடிவருவது அபூர்வம்.

எங்களுக்கு இன்னும் அபூர்வம். ஏனென்றால் என்னோடு வந்தவன் என் சிநேகிதன்.

அவன் யாங்கோன் பபேடானில் குடைக்கடை வைத்திருக்கிற தமிழ் முஸ்லிம். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். நான் அவனைப் பாய் என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். அவனுக்குக் கண் சரியில்லாததால் துப்பாக்கியைத் தொட மாட்டான். ஆனால் காட்டு வாசனை என்னைவிட அவனுக்குத்தான் அதிகம் பிடித்திருந்தது. வெற்றிலை வாசம் மானுக்கு எட்டும் என்று அக்கோ ஒரு தடவை சொன்னதற்காக, கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே கூன்யா போடுவதை நிறுத்திவிடுவான். வாயில் எப்போதும் ஒரு சுருள் வெற்றிலை ஒதுக்கியிருக்கிற யாங்கோன்காரனுக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவனுடைய சிக்கல் வேறு. குண்டு பட்டுச் செத்ததை அவன் சாப்பிட முடியாது. உயிர் இருக்கும்போதே அவன் கையால் இறைவன் பெயர் சொல்லி அறுத்தால்தான் அது ஹலால்.

“சுடும்போதே பிஸ்மில்லா சொல்லிட்டாப் போதும்னு சில பேரு சொல்றாங்க மச்சான். எங்க பள்ளிவாசல் அஜரத்துகிட்ட கேட்டேன். ஆகாதுன்னுட்டாரு. கத்திதான்” என்றான்.

“அப்ப நான் பின்னங்காலைப் பார்த்துச் சுடட்டுமா? படுத்துக் கிடக்கும். நீ மெதுவா வரலாம்.”

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “வதைக்கணும்னே சுட்டா அது அதைவிடப் பாவம். அப்படி ஒரு கறி எனக்கு வேணாம். நீ நல்லாவே சுடு. அதுக்குள்ள நான் ஓடி வந்துர்றேன்.”

இதை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். என் நியாயம், மான் துடிக்காமல் உடனே சாக வேண்டும். அவன் நியாயம், படைத்தவன் பெயர் காதில் விழாமல் அது போகக் கூடாது. இரண்டும் இரக்கம்தான். ஆனால் ஒரே மானிடம் இரண்டையும் காட்ட சில மூச்சு நேரம்தான் இருந்தது. நெஞ்சில் சரியாகப் பட்ட மான் சில மூச்சு விடும். அதற்குள் அவன் கத்தியோடு அதனிடம் போய்ச் சேர வேண்டும். ஆகவே எங்களுக்கு வேண்டியது மான் வருகிற இடம் மட்டுமல்ல, விழுந்த மானை ஓடித் தொடுகிற இடம். முள் கூடாது, பள்ளம் கூடாது, எட்டி வைத்து நடந்தால் பதினைந்து எட்டுக்கு மேல் கூடாது.

அப்படி ஓரிடம் கிடைக்கவேயில்லை. அதுவரை எத்தனையோ வருடத்தில் நான் நான்கு ஜீ சுட்டிருந்தேன். ஒன்று எதிர்ச் சரிவில் விழுந்தது. ஒன்று மூங்கில் புதருக்குள் ஓடிப் போய் ஒரு மணி நேரம் கழித்துக் கிடைத்தது. மற்ற இரண்டும் அவன் மூச்சிரைக்க வந்து சேரும்போது அடங்கிவிட்டன. அவன் கத்தியை உறையில் போட்டுக்கொண்டு, “ஆயுசு அவ்வளவுதான்” என்பான். பிறகு என் பங்குக் கறியை பஸ் வரைக்கும் அவனே ஒரு தோளில் சுமந்து வருவான். ஒரு துண்டுகூட அவன் வீட்டுக்குப் போனதில்லை. அவன் மனைவி சிரிப்பாள், “காட்டுக்குப் போயி காத்து வாங்கிட்டு வந்தாச்சா?” என்று. அவர்களுக்கு ஒரே மகள். ஏழு வயதிலிருந்து அவள் வாசலில் நின்று, “வாப்பா, மான் எங்க?” என்று கேட்பாள். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று சொல்லிச் சொல்லியே அவளைப் பெரியவளாக்கிவிட்டான்.

ஒருநாள் மதியம் அவன் கடைக்குப் போனேன். குடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் சொன்னான்.

“மவ மலேசியா போறா மச்சான். வேலைக்கு. விசா வந்துருச்சு. இங்க இருந்து என்ன செய்யப் போறா, எல்லாப் புள்ளைங்களும்தான் போகுது.”

“எப்பப் பயணம்?”

“ரெண்டு மாசம் இருக்கு.” ஒரு குடையை விரித்து மடக்கினான். “நேத்துச் சிரிச்சிக்கிட்டே கேக்குறா, ‘நான் போறதுக்குள்ளயாச்சும் அந்த மானு வருமா வாப்பா’ன்னு. வெளையாட்டுக்குத்தான் கேட்டா. எனக்குத்தான் சோறு எறங்கல.”

அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சாக்குச் சொல்லியிருப்பேன். கேட்காததால் மாட்டிக்கொண்டேன். அடுத்த ஆறு ஞாயிற்றுக்கிழமை நான் துப்பாக்கி இல்லாமல் தனியாகப் போய் நடந்தேன். என் வீட்டுக்காரி, மலையடியில் எனக்கு வேறு குடும்பம் இருக்கிறதா என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

ஆறாவது ஞாயிறு அது கிடைத்தது. ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. தேக்குத் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு காய்ந்த ஓடை, அதன் வளைவில் இரண்டு குமிழ மரங்கள். பூவுதிர்க்கும் காலம். மஞ்சளும் பழுப்புமாக மணல் முழுக்கப் பூ. ஜீக்கு அந்தப் பூ என்றால் உயிர். பூவுக்கு நடுவே குளம்படி, பக்கத்தில் மினுக்குக் குறையாத புழுக்கை. காற்று ஓடை வழியாகக் கீழ்நோக்கி வந்தது. வளைவின் கீழ்ப்புறம் ஒரு பாறை, பாறையிலிருந்து மரத்தடிக்கு நடந்து எண்ணினேன். பதினைந்து எட்டு, வழியெல்லாம் வெறும் மணல். மூன்று தடவை எண்ணினேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

அடுத்த வாரம் மூவரும் போனோம். அக்கோ துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டு ரோட்டு மேட்டிலேயே இருந்துகொண்டார். நானும் பாயும் இருட்டோடு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அவன் கத்தியை மடியில் வைத்திருந்தான். வெளிச்சம் வந்து நெடுநேரம் கழித்து, தேக்கு இலை சரசரக்க அது வந்தது. ஒற்றை ஆண் ஜீ. ஒரு பூவை எடுத்து மென்றது, இன்னொன்றை எடுத்தது. நெஞ்சுக்குக் குறிவைத்தேன். விசையை இழுக்கிற அந்த நொடியில் அது தலையைத் தாழ்த்தித் திரும்பியது. குண்டு கழுத்தில் பட்டது. நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தது. ஒரு கால்கூட உதைக்கவில்லை.

நான் முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். அது செத்திருந்தது. கண்ணைப் பார்த்தேன், விரலால் தொட்டும் பார்த்தேன். சந்தேகமேயில்லை. என் வாழ்நாளிலேயே நான் சுட்ட சிறந்த சூடு அது. எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

பின்னால் அவன் மணலில் கால் புதைய ஓடி வந்தான். “இருக்கா மச்சான்? இருக்கா?”

ஆறு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் நிற்கிற அந்தப் பெண். “இருக்கு. கண்ணு அசைஞ்சது. சீக்கிரம்” என்றேன்.

அவன் மண்டியிட்டு, மானின் தலையை மேற்கே திருப்பி, “பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்” என்று சொல்லி அறுத்தான். அறுத்துவிட்டுச் சிறிது நேரம் குனிந்தபடியே இருந்தான். பிறகு நிமிர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்ல எடம் புடிச்சே மச்சான்” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்று நினைத்தேன்.

அவன் பங்கு தொடை ஒன்றும் விலாவும். தேக்கு இலையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். என் வீட்டில் அன்றே சமைத்தோம். நான் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். மகள் கிளம்பிப் போனாள். கொஞ்ச நாளில் துப்பாக்கிகளையெல்லாம் சர்க்காரில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள், அக்கோவும் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம் போகிற வழியும் பழையபடி இல்லை. வேட்டை அத்தோடு முடிந்தது.

பொய் மட்டும் முடியவில்லை. நம்பிக்கை இருக்கிறவனுக்குப் பட்டினி பெரிதல்ல, ஆகாததைத் தின்பதுதான் பெரிது. அத்தனை வருடம் வாயைக் கட்டியவன் வீட்டில், அவன் மனைவி, மகள் எல்லோருக்கும் நான் செத்ததை ஊட்டிவிட்டேன். நல்லதுக்குத்தானே சொன்னாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்வேன், பத்து நாள் தாங்கும். பிறகு எங்காவது மழையில் ஒரு குடையைப் பார்த்தால் மறுபடி ஆரம்பித்துவிடும். அவன் கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

சென்ற மாதம் ஒரு பகலில் அவன் தாகேதாவுக்கு என் வீடு தேடி வந்தான். கரண்ட் இல்லை. விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மக்காவுக்குப் போகிறானாம், உம்ரா செய்ய. மகள்தான் ஏற்பாடு. அப்படிப் புறப்படுகிறவர்கள் தெரிந்தவர், உறவினர் எல்லோரிடமும் போய், செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவது வழக்கம்.

அவன் என் இரண்டு கையையும் பிடித்தான். “உனக்கு நான் ஏதாச்சும்...”

“நீ பேசாதே பாய்” என்றேன். “நான் சொல்லணும். அந்த ஜீ. நீ வர்றப்பவே அது செத்துப் போச்சு. கண்ணு அசையல. நான்தான் பொய் சொன்னேன்.”

அவன் கையை எடுக்கவில்லை. “தெரியும் மச்சான்” என்றான்.

“எப்படி?” என்றேன்.

“கத்தி வெச்சா ரத்தம் பீச்சி அடிக்கணும். சும்மாக் கசிஞ்சுது. அப்பவே தெரிஞ்சு போச்சு.”

“அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?”

“உன் மூஞ்சியைப் பார்த்தேன். எம் மவளுக்குன்னு நீ அலைஞ்ச அலைச்சல். என்னால அந்த எடத்துல சொல்ல முடியல. அதைப் பொறுத்துக்கன்னு கேக்கத்தான் இங்க வந்தேன். நீ தந்த கறியை நாங்க திங்கல. எங்க பில்டிங்ல கீழ தண்ணி மோட்டார் பாக்குறாரே, அந்தக் கரென் இனத்துக்காரருகிட்ட குடுத்துட்டேன். இத்தனை வருசமா உன்கிட்ட நல்லா இருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

எனக்கு உடம்பே லேசானது. வாய்விட்டு அழுதேன். நான் அவனைக் கெடுக்கவில்லை. இத்தனை வருடமும் அவன் சுத்தமாகத்தான் இருந்திருக்கிறான்.

“அப்ப மவளுக்கு?” என்று கேட்டேன்.

அவன் விசிறியைக் கீழே வைத்தான். “ஆட்டுத்தொடை வாங்கிட்டு வந்தேன். மொளகைத் தூக்கலாப் போட்டு, வெறகடுப்புல வெச்சு... அவ உம்மாவுக்கு மட்டும் தெரியும். புள்ளை மூணு தட்டு சாப்புட்டா. ‘ஆடு மாதிரியேதான் இருக்கு வாப்பா, ஆனா வேற ருசி’ன்னா. நான் ஆமான்னேன். எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டேன் மச்சான். அவகிட்ட மட்டும் எப்படிக் கேக்குறதுன்னு தெரியல.”

அப்போது அவன் போன் அடித்தது. மலேசியாவிலிருந்து மகள்தான். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாயிற்றா, மருந்தெல்லாம் எடுத்து வைத்தாயிற்றா என்று வாப்பாவை விரட்டினாள். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். திரையில் நன்றாகச் சதை போட்டிருந்தாள். பின்னால் இரண்டு மூன்று பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“மாமா, நல்லவேளை நீங்க இருக்கீங்க. எங்க வாப்பா எனக்காகக் காட்டுக்குப் போயி மான் புடிச்சு, அவங்க கையாலேயே அறுத்துக் கொண்டாந்தாங்கன்னு சொன்னா இங்க ஒருத்தியும் நம்ப மாட்டேங்குறா. குடை விக்கிறவரு மான் புடிப்பாராங்குறாளுங்க. நீங்கதானே கூடப் போனீங்க, சொல்லுங்க மாமா. அது மான் கறிதானே?”

போன் கேமராவுக்கு எட்டாத பக்கம் உட்கார்ந்திருந்த அவன் என்னையே பார்த்தான்.

“மான்தாம்மா” என்றேன். “உங்க வாப்பாதான் அறுத்தாரு. நான் பக்கத்துலயே நின்னேன்.”